மகள் வீட்டுப் போர்ட்டிகோவில் நின்ற மேகம்

சம்பந்தியம்மாவுக்கு நடக்கக் கற்றுக்கொடுத்தது நான்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பிறகு நடந்த கூத்தில் இது ஒருவருக்கும் நினைவில்லாமல் போய்விட்டது. கம்ப்யூட்டரில் எந்தப் பொத்தானை அமுக்கினால் முன்னால் போகலாம், எதை அமுக்கினால் உட்காரலாம், சுவரில் முட்டிக்கொண்டால் எப்படித் திரும்பலாம் என்று போனிலேயே ஒவ்வொன்றாகச் சொல்லி, அவரை என் மகள் வீட்டுக்குள் கூட்டிக்கொண்டு போய் விட்டேன். அந்த வீடு செங்கல் வைத்துக் கட்டிய வீடு இல்லை. கம்ப்யூட்டருக்குள் இருக்கிற ஒரு மெய்நிகர் உலகத்தில் என் மகள் கட்டிய வீடு.

மகள் கல்யாணமாகிக் கனடாவுக்குப் போனவள். உண்டாகி ஐந்து மாதம் ஆனபோது, படுக்கையை விட்டு இறங்கவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். பாத்ரூமுக்கு மட்டும் நடக்கலாம். எனக்கோ பிரசவத்துக்குத்தான் விடுப்பு கிடைக்கும். அதற்கு முன்னால் போக வழியில்லை. வீடியோவில் கூப்பிட்டால் எடுக்க மாட்டாள். “மூஞ்செல்லாம் வீங்கிக் கெடக்கும்மா, என்னைப் பாக்காத” என்பாள். படிக்கிற காலத்திலேயே அவளுக்கு அந்த உலகத்தில் ஒரு வீடு உண்டு. சுவருக்கு வர்ணம் மாற்றுவது, செடி வைப்பது, மாடிப்படிக்குக் கைப்பிடி போடுவது என்று பொழுதுபோக்குவாள். பரீட்சை நேரத்தில் நான் அதற்காக ஏசியதும் உண்டு. இப்போது ஒருக்களித்துப் படுத்தபடியே லேப்டாப்பைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, “இங்க மட்டுந்தாம்மா நான் நடக்குறேன்” என்றாள். அதற்குமேல் ஏச வாய் வருமா? மறுநாளே நானும் உள்ளே போய்விட்டேன்.

நான் ஒரு பாலிடெக்னிக்கில் கம்ப்யூட்டர் பாடம் எடுக்கிறேன். வண்டியூர் தெப்பக்குளத்துக்குப் பின்பக்கம் வீடு. என் கம்ப்யூட்டரில் லினக்ஸ் என்கிற இலவச இயங்குதளம்தான், வேறு எதையும் ஏற்ற மாட்டேன். திருட்டு மென்பொருளைத் தொடுவதில்லை என்பது என் கொள்கை. அந்தக் கொள்கையைப் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்வது என் பழக்கம். லினக்ஸில், திரையில் படம் வரைகிற கிராஃபிக்ஸ் கார்டுக்கு டிரைவர் சரியாக உட்காருவது கொஞ்சம் மல்லுக்கட்டுகிற வேலைதான். டிரைவர் என்றால், கார்டும் கம்ப்யூட்டரும் ஒருவர் பேச்சு ஒருவருக்குப் புரியும்படி நடுவில் நிற்கிற மென்பொருள். அதையெல்லாம் சமாளித்து, மகள் வீட்டு ஜன்னல் கம்பியில் ஒட்டியிருக்கும் மழைத்துளிகூடத் தெரிகிற மாதிரி வைத்திருந்தேன். காலைக் காப்பி நேரம் எனக்கு; அவளுக்கு இரவுச் சாப்பாடு முடிந்திருக்கும். காலேஜுக்குக் கிளம்பும்வரை இரண்டு பேரும் அந்த வீட்டில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருப்போம். என் வாழ்க்கையில் மகளோடு அவ்வளவு நிதானமாக உட்கார்ந்தது அந்தக் கொஞ்ச நாள்தான்.

அப்புறம் சம்பந்தியம்மா வந்தார். சமயநல்லூர் மெயின் ரோட்டில் பெயிண்டும் பைப்பும் விற்கிற கடை அவர்களுடையது. சம்பந்தி சரக்கு எடுக்கப் போவதோடு சரி, கல்லா சம்பந்தியம்மாவுடையது. நான் தினமும் மகளைப் பார்க்கிறேன் என்று தெரிந்ததும், மதுரைக்கு வந்து, “இருக்குறதுல வேகமானதாக் குடுங்க தம்பி” என்று கடைக்காரரிடம் சொல்லி ஒரு லேப்டாப் வாங்கிக்கொண்டு போய்விட்டார். விளையாட்டுப் பைத்தியம் பிடித்த பிள்ளைகள் வாங்குகிற ரகம். கீபோர்டுக்கு அடியில் கல்யாண வீட்டு சீரியல் லைட் மாதிரி விளக்கு ஓடும். கம்ப்யூட்டர் பாடம் எடுக்கிறவள் நான் ஒருத்தி இருக்கிறேன், ஒரு வார்த்தை கேட்கவில்லை. வாங்கிய பிறகு போன் போட்டு, “மதினி, இதுல எப்படி நடக்குறதுன்னு சொல்லிக் குடுங்க” என்றார். சொல்லிக் கொடுத்தேன். தலையெழுத்து.

ஏழாம் மாதம் வந்தபோது வளைகாப்பை அந்த வீட்டிலேயே செய்வது என்று முடிவாயிற்று. கண்ணாடி வளையல்கள் கூரியரில் போய்ச் சேர்ந்துவிட்டன. நாங்கள் அந்த உலகத்தில் போடப் போட, கனடாவில் நிஜக் கையில் மாப்பிள்ளை எடுத்துக் கொடுக்க அவள் போட்டுக்கொள்வாள். வேப்பங்குச்சியை வளைத்துச் செய்கிற வேப்பங்காப்புக்குத்தான் வழியில்லை. அந்தக் குளிரில் வேப்பங்குச்சிக்கு எங்கே போவது? அதனால் மகள் அந்த உலகத்திலேயே இலையோடு கூடிய ஒரு வேப்பங்காப்பு செய்து வைத்தாள். ஆக அந்த ஒரு காப்பு அங்கே மட்டும்தான் இருந்தது, அங்கே நின்று போட்டால்தான் உண்டு.

எங்கள் பக்கத்தில் பெற்ற தாய்தான் முதலில் வேப்பங்காப்பைப் போட வேண்டும். அவர்கள் பக்கத்தில் மாமியார். நான் பேச்சுக்குத் தயாராக இருந்தேன். சம்பந்தியம்மா சுலபமாக, “நீங்களே போடுங்க மதினி, பெத்த வயிறுல்ல” என்று விட்டுக்கொடுத்துவிட்டார். சண்டை போட்டு வாங்கியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். விட்டுக்கொடுத்தவர் எப்போதும் ஒரு படி மேலே நிற்கிறார்.

இதற்கிடையில் சரஸ்வதி பூஜை வந்தது. என் வீட்டுக்காரர் வேலையிலிருந்து ஓய்வுபெற்றதிலிருந்து ஆயுத பூஜைக்கு அவர்தான் முழுப்பொறுப்பு. ஸ்கூட்டர், மிக்ஸி, கிரைண்டர், தையல் மெஷின், என் கம்ப்யூட்டர் எல்லாவற்றையும் கழற்றித் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, பூப் போட்டுவிட்டார். நான் அடுப்படியில் சுண்டலோடு நின்றேன். மறுநாள் விஜயதசமி வரை எதையும் தொடக்கூடாது. விஜயதசமி அன்று காலை அவர் எல்லாவற்றையும் பழையபடி மாட்டிக் கொடுத்தார். அன்றைக்குப் புதிதாக எதையாவது தொடங்கினால் நல்லது என்பார்கள். நான் வெகுநாளாகத் தள்ளிப்போட்டிருந்த பெரிய அப்டேட்டைத் தொடங்கினேன். கெர்னல் என்கிற, லினக்ஸின் அடித்தளமே மாறுகிற அப்டேட். நல்ல நேரம் பார்த்துத்தான் செய்தேன்.

அப்டேட் முடிந்து மகள் வீட்டுக்குப் போனால், போய்க்கொண்டே இருக்கிறேன். படம் ஒரு எட்டு நகர்வதற்குள் ஒரு மடக்குக் காப்பி குடித்துவிடலாம். சுவர், படி, செடி எல்லாம் சாம்பல் நிறக் கட்டிகள். ஆட்கள் இருக்கிற இடத்தில் மண்பொம்மை மாதிரி ஏதோ நிற்கிறது. ஹெட்செட்டில் குரல் மட்டும் விட்டுவிட்டு வந்தது.

“ம்மா, நீ மேகமா இருக்கம்மா!”

அங்கே ஒருவருடைய உருவம் சரியாக வந்து சேராவிட்டால், அவர் நிற்கிற இடத்தில் மற்றவர்களுக்கு ஒரு வெள்ளைப் புகைதான் தெரியும். முகம் இல்லை, சேலை இல்லை. அன்று கட்டுவதற்கென்று நான் அந்த உலகத்தில் வாங்கி வைத்திருந்த அரக்குச் சேலை அந்தப் புகைக்குள் எங்கேயோ கிடந்தது.

“மதினி எங்கத்தா? சத்தம் மட்டும் கேக்குது” என்றார் சம்பந்தியம்மா.

“போர்ட்டிகோல வெள்ளையா நிக்குதுல்ல அத்தை, அதான் அம்மா.”

“ஆத்தாடி! நான் யாரோ சாம்பிராணி போட்டு வச்சிருக்காகன்னுல்ல நெனச்சேன்.”

இரண்டு பேரும் சிரித்தார்கள். சிரித்ததுகூடப் பரவாயில்லை, சேர்ந்து சிரித்தார்கள். என் மகளுக்கு ஒரு சிரிப்பு உண்டு, மூச்சு அடங்காமல் கடைசியில் விக்கல் மாதிரி முடியும். அது என்னோடு இருக்கும்போது மட்டும் வருகிற சிரிப்பு என்று நான் அதுவரை நம்பிக்கொண்டிருந்தேன்.

அன்றே வேலையைத் தொடங்கினேன். படத்தை யார் வரைகிறார்கள் என்று லினக்ஸிடம் கேட்க ஒரு கட்டளை இருக்கிறது. கிராஃபிக்ஸ் கார்டின் பெயர் வர வேண்டிய இடத்தில், மதர்போர்டு என்கிற தாய்ப்பலகையோடு ஒட்டிக்கொண்டு வருகிற சின்ன சிப்பின் பெயர் வந்தது. அந்தச் சிப் கடிதம் டைப் செய்யக் காணும், ஒரு உலகத்தை வரைய அதற்குத் திராணி இல்லை. சரி, கார்டு செத்துவிட்டதா என்று இன்னொரு கட்டளை போட்டேன். கார்டு இருக்கிறது, டிரைவர் ஏறியிருக்கிறது, சூடு இல்லை, ஒரு வேலையும் செய்யாமல் சும்மா உட்கார்ந்திருக்கிறது என்று பதில். ஓய்வுபெற்ற கார்டு. புதுக் கெர்னலுக்கும் பழைய டிரைவருக்கும் ஒத்துவரவில்லை, அவ்வளவுதான் என்று முடிவுகட்டினேன். வகுப்பில் பிள்ளைகளுக்கு அப்படித்தான் சொல்வேன்: கடைசியாக எதை மாற்றினாயோ அதைச் சந்தேகப்படு.

டிரைவரைக் கழற்றிப் புதிதாகப் போட்டேன். அதற்கு முந்தியதைப் போட்டேன். பழைய கெர்னலுக்கே திரும்பிப் போய்ப் பார்த்தேன். திரையை நிர்வகிக்கிற முறையை மாற்றினேன். ஒவ்வொரு தடவையும் கம்ப்யூட்டர் அணைந்து எழுந்து, பார்க்க லட்சணமாக வந்து, மகள் வீட்டுக்குப் போனதும் படுத்துக்கொள்ளும். கடைசியில் லினக்ஸ்காரர்கள் கேள்வி கேட்டுப் பதில் சொல்லிக்கொள்ளும் இணைய மன்றம் ஒன்றில் எல்லா விவரத்தையும் எழுதிக் கேட்டேன். எங்கேயோ இருக்கிற ஒரு ஆள் ஒரே வரியில் திருப்பிக் கேட்டான்: மானிட்டர் ஒயரைக் கார்டில்தானே சொருகியிருக்கிறீர்கள்?

எனக்கு உச்சிமண்டை சூடேறிவிட்டது. இத்தனை வருஷமாகப் பாடம் எடுக்கிறவளிடம் ஒயர் சொருகியிருக்கிறதா என்று கேட்கிறான். பெயரைப் பார்த்துப் பொம்பளை என்று தெரிந்துகொண்டு கேட்கிறான் என்று நினைத்தேன். எனக்கு எல்லாம் தெரியும், தெரிந்தவர்கள் மட்டும் பதில் சொல்லுங்கள் என்று எழுதிவிட்டேன். அதற்குப் பிறகு ஒருவரும் பதில் சொல்லவில்லை.

அந்த நாட்களில் எனக்கிருந்த வயிற்றெரிச்சலை எப்படிச் சொல்வது. சம்பந்தியம்மா உசிலம்பட்டிப் பக்கம் பிறந்தவர், மண்ணைக் கண்டால் கை சும்மா இருக்காது. மகள் வீட்டுப் பின்பக்கம் கத்தரிச்செடி வைத்துவிட்டார். அந்த உலகத்துச் செடிக்கும் தினமும் தண்ணீர் ஊற்ற வேண்டும், ஊற்றினால்தான் பூக்கும். “அத்தை வச்சது பூ விட்டிருச்சும்மா, ஊதாக் கலர்ல, பாக்குறியா?” என்பாள் மகள். நான் பார்த்தால் சாம்பல் கட்டி. “அத்தை எனக்குச் சடை பின்னி விட்டாகம்மா.” சாம்பல் கட்டி. “அத்தை இன்னைக்கு மாம்பழக் கலர் பட்டு.” அதுவும் சாம்பல் கட்டிதான். “அழகா இருக்கு” என்று ஒவ்வொன்றுக்கும் சொன்னேன். சமயநல்லூரில் கரண்ட் போயிருக்கிறது என்று யாராவது சொன்னால் மனது குளிர்ந்துவிடும். லேப்டாப்பில் பேட்டரி இருக்கிறதே என்று உடனே ஞாபகம் வந்து மறுபடியும் எரியும். வீட்டுக்காரர், “நம்ம பிள்ளைய நாலு பேரு கொண்டாடுனா நல்லதுதான?” என்று கேட்டார். நல்லதுதான். அந்த நாலு பேரில் முதல் ஆள் நானாக இருக்க வேண்டும், அவ்வளவுதான் நான் கேட்டது.

உள்ளே போய்ச் சேரவே வெகுநேரம் பிடித்ததால், காலையில் முதல் வேலையாக என்னை அங்கே கொண்டுபோய்ப் போர்ட்டிகோவில் நிறுத்திவிட்டு, அதே திரையில் பக்கத்திலேயே கட்டளைகளைப் போட்டுப் பார்க்கத் தொடங்கினேன். அமைப்பை மாற்றுவேன், படம் நகர்கிறதா என்று ஓரக்கண்ணால் பார்ப்பேன், மறுபடி மாற்றுவேன். குரல் கொரகொரவென்று காதைக் குடைந்ததால் ஹெட்செட்டைக் கழற்றி மேஜையில் வைத்துவிடுவேன். ஒரு நாள் போர்ட்டிகோவில் எனக்குப் பக்கத்தில் ஒரு சாம்பல் உருவம் வெகுநேரம் நகராமல் இருந்தது. முந்தைய படமே உறைந்து நிற்கிறது என்று நினைத்தேன். அன்றைக்கு ஒரு புது டிரைவர் பதிப்பு வந்திருந்தது, கை அதில் மும்முரமாக இருந்தது. அதுவும் உதவவில்லை. காலேஜுக்கு நேரமாகிவிட்டது என்று அணைத்துவிட்டுக் கிளம்பிவிட்டேன்.

ஐப்பசி பிறந்து மழையும் பிடித்துக்கொண்டது. வெள்ளிக்கிழமை காலை வளைகாப்பு. வியாழக்கிழமை மத்தியானம் சம்பந்தியம்மா போன் செய்தார்.

“மதினி, மிசினு சரியாயிருச்சா?”

“ஆயிரும்.”

“ஆகலைன்னா ஒண்ணும் மனசுல வச்சுக்கிறாதீக. விடிய இங்க வந்துருங்க. என் லேப்டாப்புலயே உக்காந்து நீங்க போடுங்க. நான் பக்கத்துல இருந்து எதை அமுக்கணும்னு சொல்லித் தாரேன்.”

எதை அமுக்கணும் என்று எனக்குச் சொல்லித் தருவாராம்! அந்தம்மா நல்ல மனதோடுதான் சொன்னார், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. நல்ல மனதோடு சொன்னதுதான் முள்ளாகக் குத்தியது. “பாப்போம் மதினி” என்று வைத்துவிட்டு, கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டு காலேஜ் லேபுக்குப் போய்விடுவது என்று தீர்மானித்தேன். அங்கே நல்ல மானிட்டர் இருக்கிறது, இரண்டு பேரைக் கூட வைத்துக்கொண்டு பார்க்கலாம். என்னிடம் படிக்கிற பிள்ளைகள் முன்னால் மானம் போனாலும் போகட்டும், சமயநல்லூரில் போகக்கூடாது.

பெட்டி சுவரை ஒட்டி நிற்கும். வீட்டுக்காரரை ஒரு பக்கம் பிடிக்கச் சொல்லி முன்னால் இழுத்தேன். பின்பக்கம் திரும்பியதும் பார்த்தேன். கிராஃபிக்ஸ் கார்டில் மானிட்டர் ஒயர் சொருகுகிற வாயில், காய்ந்துபோன சந்தனம் அப்பிக்கிடந்தது. அதன் நடுவில் வட்டமாகக் குங்குமம். ஒயர் அதற்கு மேலே, மதர்போர்டில் அதே அளவில் இருக்கிற இன்னொரு வாயில் சமர்த்தாக உட்கார்ந்திருந்தது.

“என்னங்க இது?”

“பொட்டு” என்றார்.

“இங்க எதுக்கு வச்சீங்க?”

“இதுதான பெட்டிக்குள்ளயே ஒசத்தியான சாமான்னு நீ சொல்லுவ. அதான் அதுக்குத் தனியா ஒண்ணு வச்சேன்.”

“ஒயர் இதுலதான இருந்துச்சு?”

“பொட்டு வச்ச எடத்துல எப்படிச் சொருகுறது? மேல அதே மாதிரி ஒண்ணு சும்மாதான கெடந்துச்சு. படம் தெரிஞ்சுச்சுல்ல?”

படம் தெரிந்தது. தெரியாமல் போயிருந்தால் அன்றைக்கே கண்டுபிடித்திருப்பேன். ஒயர் மதர்போர்டில் இருந்ததால் அந்தச் சின்ன சிப்தான் அத்தனை நாளும் மூச்சுமுட்ட மகள் வீட்டை வரைந்துகொண்டிருந்தது. கார்டு பொட்டு வைத்துக்கொண்டு பூஜையில் இருந்தது. டிரைவரும் கெர்னலும் ஒரு பாவமும் அறியாதவை. நான் கத்தவில்லை. கத்தினால் அவர், உனக்கே தெரியலையா என்று கேட்பார். சேலையில் குத்தியிருந்த ஊக்கை எடுத்துச் சந்தனத்தைச் சுரண்டி, பழைய டூத்பிரஷால் தேய்த்து, ஊதி, ஒயரை இடம் மாற்றிச் சொருகினேன். மன்றத்தில் கேட்ட அந்த ஆளுக்கு நான் இன்னும் பதில் எழுதவில்லை.

வெள்ளிக்கிழமை காலையில் மகள் வீடு கண்ணாடி மாதிரி தெரிந்தது. சுவர் இளம்பச்சைக்கு மாறியிருந்தது. கத்தரிச்செடி நிஜமாகவே ஊதாப் பூ விட்டிருந்தது. நான் பூஜைக்கு முன்னால் வைத்த பிச்சிக்கொடி தண்ணீர் இல்லாமல் கருகிப்போயிருந்தது, அதை ஒருவரும் கவனிக்கவில்லை. மகள் பட்டுடுத்திக் கூடத்தில் உட்கார்ந்திருந்தாள், தலைநிறையப் பூ.

“ம்மா! வந்துட்ட! சேல நல்லா இருக்கும்மா!”

“வாங்க மதினி, முகத்தைப் பாத்து எம்புட்டு நாளாச்சு” என்றார் சம்பந்தியம்மா. மாம்பழக் கலர் அவருக்கு எடுப்பாகத்தான் இருந்தது. அந்த நேரத்திலும் எனக்கு அது பட்டது.

வேப்பங்காப்பை நான் போட்டேன். நான் நீட்டினேன், அவள் வாங்கிக்கொண்டாள், அவள் மணிக்கட்டில் பச்சையாக வந்து உட்கார்ந்தது. அங்கே கனடாவில் மாப்பிள்ளை கண்ணாடி வளையல்களை எடுக்கிற சத்தம் ஹெட்செட்டில் கலகலவென்று கேட்டது. “போட்டுட்டீகளா மதினி? அப்ப நான் போடவா?” என்று சம்பந்தியம்மா என்னிடம் கேட்டார். “போடுங்க” என்றேன். அந்த ஒரு வார்த்தையைச் சொல்லும்போது எனக்கிருந்த பெருமையைச் சொல்லி முடியாது. அத்தனை நாள் எரிந்ததெல்லாம் அடங்கிவிட்டது. ஜெயித்துவிட்டேன் என்றே நினைத்தேன்.

எல்லாம் முடிந்து சம்பந்தியம்மா கடை திறக்கப் போய்விட்டார். நானும் மகளும் போர்ட்டிகோவுக்கு வந்து உட்கார்ந்தோம்.

“ம்மா, அன்னைக்கு ஒண்ணு சொன்னேன்ல.”

“என்னைக்கு?”

“இங்கனதான். நீ மேகமா நின்னப்ப. ரொம்ப நேரம் பேசுனேன்ல, நீ குறுக்க ஒண்ணுமே சொல்லல. எப்பவும் நான் பாதி சொல்லும்போதே நீ பதிலச் சொல்லிருவ. அன்னைக்குத்தாம்மா முழுசாக் கேட்ட.”

நான் ஹெட்செட்டைக் காதோடு அழுத்திக்கொண்டேன்.

“அத்தைகிட்டகூடச் சொல்லல. அவர்கிட்டயும் சொல்லல. உன்கிட்ட மட்டுந்தான் சொன்னேன்.”

அத்தையிடம்கூடச் சொல்லவில்லை! ஒரு நிமிஷம், ஒரே ஒரு நிமிஷம், நான் அந்த வார்த்தையை மட்டும் பிடித்துக்கொண்டு பூரித்துப்போனேன். என் புத்தி அப்படி.

“நீ யோசிச்சியாம்மா? நான் என்ன செய்யட்டும்?”

தெரியாத கேள்விக்கு நழுவலாகப் பதில் சொல்ல வாத்தியார் வேலை பார்க்கிறவர்களுக்குச் சொல்லித் தர வேண்டாம். உனக்கு எது சரி என்று படுகிறதோ அதைச் செய் என்று சொல்லியிருக்கலாம். வாய்வரை வந்தது. எதைச் செய்யச் சொல்கிறேன் என்றே தெரியாமல், படுக்கையில் கிடக்கிற பிள்ளையிடம் அதை எப்படிச் சொல்வது? அவளாகத்தான் கேட்டாள்.

“ம்மா, உனக்குக் கேக்கவே இல்லையா?”

“ஹெட்செட்டக் கழட்டி வச்சிருந்தேன்டி. டிரைவரப் பாத்துக்கிட்டு இருந்தேன்.”

அவள் கோபப்படவில்லை. “ஓ” என்றாள்.

“இப்பச் சொல்லுடி, கேக்குறேன்.”

“இப்ப வரலம்மா” என்றாள். எழுந்து பின்பக்கம் போய் கத்தரிச்செடிக்குத் தண்ணீர் ஊற்ற ஆரம்பித்தாள். படம் ஓரிடத்தில்கூடத் திக்கவில்லை. அவள் குனிந்தது, தண்ணீர் விழுந்தது, இலை அசைந்தது எல்லாம் தெளிவாகத் தெரிந்தது.

பிரசவத்துக்குக் கனடா போனபோது பக்கத்திலேயே இருந்து கேட்டுப் பார்த்தேன். பேத்திக்கு எண்ணெய் தேய்த்தபடியே, பேச்சோடு பேச்சாகவும் கேட்டேன். “ஒண்ணுமில்லம்மா, அது முடிஞ்சுபோச்சு” என்கிறாள். வெட்கத்தை விட்டு சம்பந்தியம்மாவிடம்கூட விசாரித்தேன். அவருக்கு ஒன்றும் தெரியாது, சத்தியமாகத் தெரியாது. முன்பென்றால், அவருக்குத் தெரியாதது ஒன்று உண்டு என்றதும் நான் துள்ளிக் குதித்திருப்பேன். இப்போது சம்பந்தியம்மா என் மகளோடு எவ்வளவு நேரம் சிரித்தாலும் எனக்கு ஒன்றும் செய்வதில்லை. என் மகள் மனதில் இருந்ததை முழுதாகக் கேட்டது போர்ட்டிகோவில் நின்ற அந்த மேகம். அதை நினைத்தால்தான் வயிறு எரிகிறது.